தேனிக்கு வாங்குன காரு

கதவ இழுக்காதீக தம்பி, பொறுங்க பொறுங்க... இந்தா, ஆரம்பிச்சிருச்சு பாருங்க. காதப் பொத்திக்கிருங்க. ஸ்டேரிங்குக்கு அடியில எடது கைய விட்டுத் துளாவுங்க, சுண்டக்கா மாதிரி ஒரு பட்டன் தட்டுப்படும். மொதல்ல சாவியத் திருப்பிக்கிட்டு அப்பறம் அமுக்கணும். அமுக்கிக்கிட்டே இருங்க, விட்றாதீக. ஆங். நின்னுருச்சு. அப்பாடி.

ஒங்க ஜீப்புல இருந்து கரண்டு குடுத்தீகள்ல, அதான் முழிச்சுக்கிருச்சு. இது பேட்டரி செத்துக் கெடக்குற வரைக்கும் பொணம் மாதிரிக் கெடக்கும். உசுரு வந்ததும் பக்கத்துல நிக்கிறவனெல்லாம் களவாணின்னு நெனச்சுக் கத்தும். ஊரு பூரா கோம்பை நாயி கெடக்கு, வேத்தாளு வாசல மிதிச்சாலே தொடையக் கவ்விரும். இந்த ஊருல கார எவன் திருட வாரான்? ஆனாலும் அலாரம் வேணுமாம்.

உக்காருங்க தம்பி. எப்பிடியும் சார்ஜ் ஏற அரை மணி நேரம் ஆகும்ல? எங்க வீட்டுக்காரரு பாளையம் போயிருக்காக, இன்சூரன்ஸ் பேப்பர் எடுத்தார. பன்னண்டு மணி பஸ்ஸுல வந்துருவாக. உள்ள வாங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறீக, சரி, இந்த ஸ்டூலையாவது போட்டுக்கங்க. நவாஸ்தான பேரு? கம்பத்துல எங்கன? சரி சரி.

என்ன பாக்குறீக? மீட்டரா? ஆமா, ரெண்டாயிரத்துச் சொச்சந்தான். பெயிண்டரு வந்து அழிச்சு எழுதல தம்பி, சத்தியமா அம்புட்டுதான் ஓடியிருக்கு. ரெண்டாயிரத்து மூணு ஆவணி மாசம் வாங்குனது. ஆறு வருசம் முடிஞ்சுபோச்சு. ரெண்டாயிரம் கிலோமீட்டரு. நீங்க சிரிக்கிறீக. வாங்க வாரவுக எல்லாரும் சந்தோசமாத்தான் சிரிக்கிறாக, அடேயப்பா புது வண்டின்னு. ஓடுனதெல்லாம் இங்கனருந்து தேனிக்கும் தேனியிலருந்து இங்கனைக்குந்தான். நடுவுல மதுரைக்கு ஒருவாட்டி, குச்சனூருக்கு ரெண்டுவாட்டி. வேற எங்கனயும் போனதில்ல. நான் ஏறுனதே நாலு தடவையோ அஞ்சு தடவையோ.

தேனியில யாரா? எங்க மகளக் கட்டிக் குடுத்திருந்தோம். விஜி. ஒரே புள்ள.

இந்த கார வாங்குனதே அவளுக்காகத்தான்னு வச்சுக்கங்களேன். அவ ஏறி ஊர் சுத்துறதுக்கு இல்ல. அவளக் கொண்டுபோயி விடுறதுக்கு. எப்பிடிச் சொல்ல... மாப்ள தேனியில ஹார்டுவேர்ஸ் கடை. நல்ல எடம்னு தேடிப் புடிச்சாக. கல்யாணம் முடிஞ்சு ஆறாம் மாசம் புள்ள தனியா வந்து நின்னா. முதுகுல பட்ட பட்டையா இருந்துச்சு. பெல்ட்டு. நான் எண்ணெயத் தடவிக்கிட்டே அழுதேன். எங்க வீட்டுக்காரரு என்ன செஞ்சாக தெரியுமா? ஒரு தார் வாழப்பழத்த வாங்குனாக, மகளக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டாக. கோவத்துல ஒரு அடி அடிச்சிட்டாருன்னா அதுக்காகப் பொட்டப்புள்ள வீட்ட விட்டு வந்துருவாளான்னு கேட்டாக.

ரெண்டாந் தடவ வாரப்ப எடது காதுல ரத்தம் காஞ்சு ஒட்டியிருந்துச்சு. அறைஞ்சதுல சவ்வு கிழிஞ்சு போச்சு. பேசுனா தலையத் திருப்பித் திருப்பிக் கேக்குறா. சின்ன வயசுல அவளுக்குச் சளி புடிச்ச காதுதானன்னுட்டாரு மனுசன். அந்தத் தடவ பஸ்ஸுல போக வெக்கப்பட்டுக்கிட்டு டாக்ஸி புடிச்சாரு. டாக்ஸியில போயி எறங்குனதும் சம்பந்தியம்மா வாசல் வரைக்கும் வந்தாகளாம். செம்புல தண்ணி குடுத்தாகளாம். காப்பி வந்துச்சாம். திரும்பி வந்து ராத்திரிச் சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சொல்றாரு, இப்பத்தாண்டி தெரியுது, நாம பஸ்ஸுல போயி எறங்குறதுனாலதான் நம்ம புள்ளைய மதிக்க மாட்டேங்குறாகன்னு.

சிரிக்காதீக தம்பி. நெசமாத்தான். அப்பிடி வந்த காரு இது.

மேக்காட்டுத் தென்னந்தோப்புல ஒரு பாகத்த வித்து வாங்குனாரு. அம்பத்திரெண்டு வயசுல காரு ஓட்டப் படிச்சாரு. படிச்சு முடிச்சதும் மூணாந் தடவை புள்ள வந்து நிக்கிறா. இந்தத் தடவ இந்த முன்சீட்டுல உக்கார வச்சு, மாலையெல்லாம் போட்டு கொண்டுபோனாரு. போயி எறங்குனா, மாப்ள வந்து காரச் சுத்திச் சுத்திப் பாத்தாராம். சாவிய வாங்கி பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பாத்தாராம். எம் மக பையக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறா. அது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. இவுக வந்து பெருமையாச் சொல்றாக, மாப்ளைக்கு வண்டி ரொம்பப் புடிச்சுப்போச்சுன்னு.

அலாரமா? அந்த அலாரம் மாப்ள யோசனதான். இம்புட்டு நல்ல வண்டிய அலாரமில்லாம நிப்பாட்டலாமா மாமான்னு கேட்டுட்டான். ஓடுனாரு மதுரைக்கு. இமொபிலைசரோ என்னமோ, எனக்கு வாயில நொழைய மாட்டேங்குது. அதயும் சேத்து மாட்டிக்கிட்டு வந்தாரு. ஆமா, ஒங்களுக்குத்தான் தெரியுமே, அது பூட்டிக்கிட்டா சாவியத் திருப்புனாலும் எடுக்காது, தள்ளுனாலும் எடுக்காது. ரிமோட்ட அரணாக் கயித்துல முடிஞ்சுக்கிட்டாரு. இந்த பட்டன் எங்கன இருக்குன்னு எனக்குச் சொல்லல. பொம்பளைக்கு எதுக்குன்னாரு. பின்னால மெக்கானிக் அமுக்குறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பாளையத்துல மெக்கானிக் ராஜமணி ஏதாச்சும் சொன்னாரா ஒங்கட்ட? சொல்லியிருப்பாரே. அதான் வந்ததுலருந்து மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு, அந்த கரண்டு மீட்டர வச்சு வயரு வயராக் குத்திப் பாத்துக்கிட்டிருக்கீக. இந்த வண்டியில எங்கனயோ கரண்டு ஒழுகுது, நல்ல பேட்டரி ரெண்டே நாள்ல செத்துப்போச்சு, ஏன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியலன்னுதான? ஆமா, அப்பிடி நடந்தது. ஒரே ஒரு தடவ. அந்த ஒரு தடவதான் எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு எங்க வீட்டுக்காரரு இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு.

நாலாந் தடவையும் கார்லதான் கொண்டுபோயி விட்டாரு. அஞ்சாந் தடவ... அது ரெண்டாயிரத்து நாலு, கார்த்திகை மாசம். ஐயப்பன் சீசன். செவ்வாக்கெழம மத்தியானம் வந்தா. ஒரே ஒரு பை. அழுகல. சோத்தப் போட்டேன், சாப்புட்டா. சாப்புட்டுக் கைகழுவிட்டு அவுக அப்பாகிட்டப் போயிச் சொல்றா, இனி நான் அங்கன போகமாட்டேம்ப்பா, இங்கனயே தோப்பு வேலை பாத்துக்கிட்டுக் கெடக்கேன்னு. இவுக அப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு பானெட்ட தொறந்து சத்தங் கேட்டுக்கிட்டிருந்தாக. நிமிந்து பாக்கல. வெள்ளிக்கெழம நல்ல நாளா இருக்கு, ஒம்பதரைக்குள்ள அங்கன எறங்குற மாதிரி கெளம்பிருவோம்னாக. அன்னைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போனப் போட்டு, வெள்ளிக்கெழம கூட்டிக்கிட்டு வாறேன்னும் சொல்லிட்டாக.

வெள்ளிக்கெழம காலையில ஏழு மணி. குளிச்சு, பட்டை போட்டு, வண்டியோட ஒறைய உருவுனாரு. ரிமோட்ட அமுக்குறாரு, சத்தமே இல்ல. சாவிய வச்சுக் கதவத் தொறந்தாரு. உக்காந்து சாவியத் திருப்புனாரு பாருங்க, டக் டக்குன்னு ரெண்டு சத்தம், அம்புட்டுதான். அடுத்த நிமிசம் உள்ளருந்து பெருங்கூப்பாடு. அந்தச் சங்குக்குத் தனியா ஒரு குட்டி பேட்டரி இருக்காம்ல? எவனோ மெயின் பேட்டரிய அறுத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு அது ஊளையிடுது. ரிமோட்ட அமுக்குறாரு, நிக்கல. ஒதறுறாரு, நிக்கல. வேட்டியிலயே தொடச்சு அமுக்குறாரு. தெருச் சனம் பூராம் கூடிப்போச்சு. பல்லுக் குச்சியோட நிக்கிறாக. கிடாய் கத்துதா, காரு கத்துதான்னு ஒருத்தன் கேக்குறான்.

எதுத்த வீட்டுச் சங்கிலி அண்ணன் ஜீப்பக் கொண்டாந்து வயரு குடுத்தாரு. இப்ப நீங்க குடுத்தீகள்ல, அதே மாதிரி. குடுத்ததும் ஹாரனும் சேந்துக்கிருச்சு. லைட்டெல்லாம் மின்னுது. இந்த பட்டன எப்பிடி அமுக்கணும்னு பதட்டத்துல இவுகளுக்கு மறந்துபோச்சு. சாவியத் திருப்பாம அமுக்குறாக. மதுரையில மாட்டிவிட்டவனுக்குப் போனப் போட்டா அவன் மாலை போட்டு மலைக்குப் போயிட்டானாம். எளவட்டப் பயலுக பத்துப்பேரு சேந்து தெரு முனை வரைக்கும் தள்ளிட்டுப் போயி, திரும்ப இங்கன வரைக்கும் தள்ளிட்டு வந்தானுக. இஞ்சின் ஒரு இருமல் கூட இருமல.

எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். எம் மக மட்டும் அந்தா, அந்தக் கல்லு மேல உக்காந்திருக்கா. பொத்தல. வலது காதச் செவுத்துப் பக்கம் சாச்சுக்கிட்டு, எடது காதக் காருக்குக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பாத்தேன். அவளப் பெத்த அப்பன் பாக்கல.

மணி எட்டேகால் ஆகிப்போச்சு. அங்கன காத்துக்கிட்டிருப்பாக, நேரம் தப்பிரும்னு இவுக கெடியாரத்தையே பாக்குறாக. நான் சொன்னேன், ஏங்க, வண்டிய விட்டுட்டு நீங்களும் மகளும் பஸ்ஸுல போயிட்டு வாங்களேன்னு. எரிஞ்சு விழுந்தாக. நடுத்தெருவுல கத்திக்கிட்டிருக்குற வண்டிய விட்டுட்டு நான் பஸ்ஸுல போவேனா, பஸ்ஸுல போயி அங்கன எந்த மொகத்த வச்சுக்கிட்டு எறங்குவேன்னாக. அப்பறம் அவுகளே சொன்னாக, நீ இவளப் பாளையம் கூட்டிட்டுப் போயி தேனி பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு வா, ராஜமணி வந்து வண்டியச் சரிபண்ணதும் நான் பின்னாலயே போயிருறேன், வீட்டுக்குள்ள நொழையுறப்ப கார்லருந்து எறங்குன மாதிரி ஆகிரும்னு. மக கூடப் போறது முக்கியமில்ல தம்பி. காரு கூட போறதுதான் முக்கியம்.

கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸேத்தி விட்டுட்டுத் திரும்பி வாரேன், தெரு முனையிலயே கேக்குது, அது இன்னும் கத்திக்கிட்டுத்தான் கெடக்கு. பத்தரை மணிக்கு மேலதான் ராஜமணி வந்து, பேட்டரிய மாத்தி, எதையோ பிச்சு எறிஞ்சு, ஒருவழியா எடுத்தாரு. இவுக அடிச்சுப் புடிச்சுத் தேனிக்குப் போனாக. போனா, அவ வரலைங்குறாக.

போயிச் சேரல தம்பி. ரெண்டு மணிக்கு வரல, ஆறு மணிக்கு வரல. மறுநாளும் வரல. சின்னமனூர்ல தேடி, வீரபாண்டியில தேடி... பஸ் கண்டக்டரு ஒருத்தரு பாக்கியில்ல. ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தோம். என்னைய நாலு தடவ கூப்புட்டு கேட்டாக. தேனி பஸ்ஸுலதான் ஏத்திவிட்டேன்னேன். ஜன்னலோரம் உக்கார வச்சேன்னேன். எவங்கூடயோ ஓடிட்டான்னு சம்பந்தி வீட்டுல மண்ண வாரித் தூத்துனாக. ஒன்றரை வருசத்துல அவன் வேற கல்யாணம் கட்டிக்கிட்டான். ரெண்டு புள்ளைகளாம் இப்ப.

இவுக அன்னையிலருந்து இந்தக் கார ரோட்டுல எறக்கல. தெனமும் காலையில வந்து ஒறைய உருவுவாரு. உள்ள உக்காருவாரு. எந்த வயருல கோளாறுன்னு தேடுவாரு. பாளையம், கம்பம், தேனி, மதுரைன்னு ஒரு எலக்ட்ரீசியன் பாக்கியில்ல. சீட்டக் கழட்டுனாரு, டேஷ்போர்டக் கழட்டுனாரு. நல்லாருந்த பேட்டரி ஏன் செத்துச்சு? அன்னைக்கு மட்டும் ஏன் செத்துச்சு? இத நூறு பேர்ட்ட கேட்டிருப்பாரு. போன மாசம் வெயில்ல கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு உள்ளயே மயங்கிட்டாரு. சங்கிலி அண்ணந்தான் பாத்துட்டுத் தூக்குனாரு. அதுக்கப்பறந்தான் எங்க கொழுந்தன் வந்து சத்தம் போட்டு விக்கச் சம்மதிக்க வச்சாக. நாந்தான் கொழுந்தனுக்குச் சொல்லிவிட்டேன்.

வேணாமா? ஏந்தம்பி? எந்திரிக்காதீக. கரண்டு ஒழுகுற வண்டிய வாங்கி வித்தா ஒங்க பேரு கெட்டுப்போகும். அது எனக்குத் தெரியுது. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதத்தான் சொல்லிட்டுப் போனாக. உக்காருங்க. நீங்க கம்பத்துக்காரரு. எங்க சொந்தபந்தத்துல ஒருத்தரையும் ஒங்களுக்குத் தெரியாது. உக்காருங்க, சொல்றேன்.

வயருல ஒரு கோளாறும் இல்ல தம்பி. நாந்தான் லைட்டப் போட்டு விட்டேன்.

அந்தா, உள்ள மேல இருக்குல்ல, கண்ணாடிக்குப் பக்கத்துல, அந்த குண்டு லைட்டு. அந்த வருசம் ஆடி மாசம் எங்க கொழுந்தன் மகன் அதப் போட்டு வெளையாண்டுட்டு அணைக்காம வந்துட்டான். மறுநா கொட்டாவி விட்டுக்கிட்டு நின்ன வண்டி, அதுக்கு மறுநா எந்திரிக்கவே இல்ல. அன்னைக்கு இவுக போட்ட கூப்பாட்ட அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். பொம்பளைக்கு எதுக்குன்னு பட்டனக் காட்டல. இதக் காட்டாமலே நான் படிச்சுக்கிட்டேன்.

அந்தப் புதன்கெழம காலையில இவுக கதவத் தொறந்து போட்டுத் தொடச்சுக்கிட்டிருந்தாக. வாளியில தண்ணி கொண்டுபோயி வச்சேன். இவுக பின்னால டயரக் கழுவுறாக. குனிஞ்சு கைய நீட்டி ஒரு தட்டு. நல்ல வெயிலு, லைட்டு எரியுறது எனக்கே தெரியல. இவுக கதவப் பூட்டி, ரிமோட்ட அமுக்கி, ஒறையப் போத்தி விட்டாக. ரெண்டு நாளு ஒறைக்குள்ள எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. வெள்ளிக்கெழம அந்தக் கூப்பாட்டுக்குள்ள, உள்ள வச்சிருந்த எலுமிச்சம்பழத்த எடுக்குற மாதிரி குனிஞ்சு திருப்பி வச்சுட்டேன். அதத்தான் அஞ்சு வருசமா வயருல தேடிக்கிட்டிருக்காக.

ஏன்னா, காருல போனா இவுக ஓட்டிக்கிட்டுப் போயி அந்த வாசல்ல எறக்கிவிட்டுட்டுத்தான் வருவாக. நடுவுல எங்கனயும் எறங்க முடியாது. பஸ்ஸுன்னா ரெண்டு பக்கமும் போகும்ல?

பாளையம் பஸ் ஸ்டாண்டுல தேனி பஸ்ஸு இந்தப் பக்கம் நின்னுச்சு. நான் அவள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். குமுளி பஸ்ஸு. உள்ள பூராம் மாலை போட்ட சாமிமாருதான். ஒரு சாமி எந்திரிச்சு எடங் குடுத்தாரு. அவகூட நர்சிங் கோர்ஸ் படிச்ச புள்ள ஜெபமணி. கோட்டயத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. எஸ்டிடி பூத்துல இருந்து புதன்கெழமையே அவகிட்டப் பேசிட்டேன். குமுளி வரைக்கும் அனுப்பி வச்சுருங்கம்மா, மிச்சத்த நான் பாத்துக்கிருறேன்னா. அந்தப் புள்ளைக்கு நான் என்ன செய்யப்போறேன்!

பாளையத்துக்கு வந்த டவுன் பஸ்ஸுலதான் விஜிட்டயே சொன்னேன், லைட்டப் போட்டது நாந்தான்னு. வலது காதுப் பக்கம் உக்காந்து சொன்னேன். நெசமாவா ஆத்தான்னு கேட்டா. அப்பறம் சிரிச்சா பாருங்க. வாயப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்க. கல்யாணம் முடிச்ச மூணு வருசத்துல அன்னைக்குத்தான் அவ சிரிச்சுப் பாத்தேன்.

நல்லாருக்கா. ஆஸ்பத்திரியிலயே மருந்துக் கவுண்டருல இருக்கா. காதுக்கு மிசினு வச்சிருக்காளாம். வருசத்துக்கு மூணோ நாலோ தடவ, நான் பாளையம் சந்தைக்குப் போறப்ப பூத்துலருந்து பேசுவேன். ஆத்தான்னு கூப்புட்டவ இப்ப பேச்சு வாக்குல அம்மேங்குறா. நேருல பாத்து அஞ்சு வருசமாச்சு. நான் ஒருநா வீட்ட விட்டு வெளிய தங்குனா இவுகளுக்குச் சந்தேகம் வந்துரும்.

சொல்லியிருக்கலாம். நீங்க கேப்பீகன்னு தெரியும். மூணு தடவ, தம்பி. வைகை அணையில ஒருவாட்டி, லோயர் கேம்பு பக்கம் ஒருவாட்டி, தேவாரத்துல ஒரு கெணத்துல ஒருவாட்டி, பொம்பளப் பொணம் கெடக்குன்னு சொல்லி விட்டாக. மூணு தடவையும் இவுக பஸ்ஸேறிப் போயி மொகத்தத் தொறந்து பாத்துட்டு வந்தாக. மூணாந் தடவ வந்து வாசப்படியில உக்காந்து வாந்தியா எடுத்தாக. முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே, சொல்லிறலாம்னுதான் நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்ப இவுக சொல்றாக, அன்னைக்கு மட்டும் இந்தக் காரு கெளம்பியிருந்தா எம் மக இன்னைக்கு அவ வீட்டுல ராணி மாதிரி இருந்திருப்பாடின்னு.

அவ வீடாம். ராணியாம்.

முழுங்கிட்டேன். சொன்னா என்ன செய்வாருங்குறீக? சந்தோசப்படுவாரு. அழுவாரு. மறுநா கோட்டயத்துக்குப் போயிக் கூட்டிக்கிட்டு வந்து, அந்தத் தேனிக்காரன் வாசல்ல கொண்டுபோயி நிப்பாட்டி, ஓடிப் போகல மாப்ள, எம் மக உத்தமின்னு சொல்லுவாரு. இவுக ஏன் அவள அஞ்சாந் தடவையும் கொண்டுபோக நெனச்சாகன்னு ஒருநாளும் கேட்டதில்ல. ஊரக் கேட்டாரு, சாமியக் கேட்டாரு, வயரக் கேட்டாரு. தன்னையக் கேக்கல.

வேணாந்தம்பி. ஒங்களுக்கு நல்ல மனசு. ஏதோ ஒரு வயரக் காட்டி, இதுலதாங்கய்யா லீக்கு, கண்டுபுடிச்சுட்டேன்னு சொல்லிட்டா அவுக மனசு ஆறிரும், அது சரிதான். ராத்திரி தூங்குவாக. ஆனா ஆறக்கூடாதுன்னுதான் நான் கெடக்கேன். நான் பாவிதான், இல்லைங்கல. பொணத்தப் பாக்க அனுப்பி வச்சவதான் நான். ஆனா வயருதான் காரணம்னு தெரிஞ்சுபோச்சுன்னா இந்த மனுசன் அதோட முடிச்சுக்கிருவாரு. காரு இங்கனருந்து போகட்டும். போனதுக்கப்பறம் எதக் குத்தஞ் சொல்லுவாருன்னு பாக்கணும். வேற ஒண்ணும் கெடைக்காதப்ப என்னைக்காச்சும் ஒருநா தன் பக்கம் திரும்பிப் பாப்பாருல்ல? அன்னைக்குச் சொல்லிக்கிருறேன். அதுவரைக்கும் நான் உசுரோட இருக்கணும், அம்புட்டுதான்.

வாங்கிக்கிருங்க தம்பி. நல்ல வண்டி. நீங்களாவது குடும்பத்த ஏத்திக்கிட்டு எங்கனயாச்சும் சந்தோசமாப் போங்க.

சத்தமில்லாம இருங்க. அந்தா, மஞ்சப்பையோட வாரது அவுகதான். முனையத் திரும்பிட்டாக.

வாங்க, வாங்க. பேப்பரு கெடைச்சிச்சா? தம்பி ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்காரு. பிரிச்சுப் பாத்தாராவா? பாத்தாருங்க, எல்லாத்தையும் பாத்தாரு. இல்லைங்க. இவருக்கும் ஒண்ணும் புடிபடலையாம்.